கற்றதைக் கையளித்தவர்கள்

(மம்சாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நல்ல தொழிலையும் கைநிறையச் சம்பளத்தையும் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத நாட்டில் துன்பப்படும் மக்களோடு பல்லாண்டு தங்கி உழைத்தவர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இந்தப் பொருளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் போனவரின் பக்கமே நின்று பேசுவார்கள். அவர் எதை விட்டார், எவ்வளவு இழந்தார், வீட்டில் யார் அழுதார்கள் என்று கணக்குப் போடுவார்கள். கேட்பவர்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டுவோம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் எதிர்க்கரையிலிருந்து பேச விரும்புகிறேன். தமிழர்களாகிய நாம் இத்தகைய பணியைப் பெற்றுக்கொண்ட மக்கள். யாழ்ப்பாணத்திலும் வேலூரிலும் எங்கிருந்தோ வந்தவர்கள் நம்மிடையே தங்கி வேலை செய்திருக்கிறார்கள். வந்தவர்களில் யார் உண்மையில் உதவினார், யார் வந்து பார்த்துவிட்டு மட்டும் போனார் என்பது பெற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. இனி நம் பிள்ளைகள் வேறு நாடுகளுக்குப் போகும்போது அதுவே அவர்களுக்கு வழித்துணை ஆகவேண்டும்.

மானிப்பாய் மருத்துவர்

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரத்துக்காரர். 1822இல் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்தார். 1847இல், 25 வயதில், அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சமயம் பரப்புவதும் அவர் வந்த நோக்கத்தில் சேர்ந்ததுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் செய்த மருத்துவப் பணியின் தன்மைதான் நான் இங்கே சொல்ல வந்தது.

மானிப்பாயில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். வாந்திபேதி ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போன காலம் அது. ஒரு மருத்துவர் எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? ஆகவே மருத்துவர்களை உருவாக்குவதே முதல் மருத்துவம் என்று முடிவு செய்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. சில ஆண்டுகளில் அதன் குறை தெரிந்தது. ஆங்கிலத்தில் படித்துத் தேர்ந்தவர்கள் அரசு உத்தியோகம் கிடைத்து வெளியூர்களுக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி பழையபடி கைவிடப்பட்டார்.

கிறீன் அந்த இடத்தில் எடுத்த முடிவு நம் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. 1864 முதல் மேல்நாட்டு மருத்துவத்தை முழுக்கத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். பாடநூல் இல்லை, ஆகவே நூல்களை உண்டாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் எனப் பிரசவம், அறுவை, உடற்கூறு, வேதியியல் ஆகிய துறைகளில் பெரிய பெரிய நூல்கள் அவர் முயற்சியில் தமிழுக்கு வந்தன. யாழ்ப்பாணத்து மாணவர்களும் அறிஞர்களும் அந்த மொழிபெயர்ப்பில் தோளோடு தோள் நின்றார்கள். எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேல். இன்றைக்கும் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். 160 ஆண்டுக்கு முன்னால் ஓர் அமெரிக்கர் அதைச் செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இடையில் சில ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தது போக, 1873 வரை அவர் யாழ்ப்பாணத்தில் உழைத்தார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். திரும்பிய பிறகும் தமிழ் மருத்துவ நூல்களுக்கான வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் அதற்குள் தத்தம் ஊர்களில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேலூரில் நிமிர்ந்த விரல்கள்

அடுத்தவர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயப் பெற்றோர் அங்கே மலைமக்களிடையே பணியாற்றினார்கள். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, உலகப்போரில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அங்கேயே வேலை பார்த்தவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். லண்டனில் அவருக்கு எதிர்காலம் இல்லாமலா போயிருக்கும்?

செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்குப் போனபோது மடங்கிப்போன விரல்களை வரிசையாகக் கண்டார். இந்தக் கைகளுக்கு யார் என்ன சிகிச்சை செய்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். எலும்பு, தசை மருத்துவர் எவரும் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எந்தத் தசை செயலிழக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று குறித்தார். நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்தார். 1948 தொடங்கி மடங்கிய விரல்கள் நிமிர ஆரம்பித்தன.

தொழுநோயில் விரலும் பாதமும் அழுகிப்போவது நோயின் நேரடி விளைவு என்றே அதுவரை நம்பினார்கள். வலி தெரியாததுதான் முதற்காரணம் என்று பிராண்டும் உடன் உழைத்தவர்களும் நிறுவினார்கள். வலி தெரியாததால் நோயாளி சூடான பாத்திரத்தை அப்படியே பிடிக்கிறார். முள் குத்திய காலோடு மைல் கணக்கில் நடக்கிறார். ஆகவே மெத்தென்ற ரப்பர் செருப்பும், நாள்தோறும் கைகால்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் பழக்கமும் மருந்துக்கு நிகராயின.

குணமான கையோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேறொரு இடி காத்திருந்தது. கையைப் பார்த்து இரங்கிப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடவில்லை. வேலை கொடுக்கவோ ஆளில்லை. அதைக் கேட்ட பிராண்ட், அறுவையோடு தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. மரவேலை போன்ற தொழில்களைக் கற்றுத்தரும் புதுவாழ்வு மையத்தை வேலூரில் 1951இல் தொடங்கினார்கள். கைக்கு அறுவை செய்ய வந்தவர், அந்தக் கைக்கு ஒரு தொழிலையும் தேடிக் கொடுத்தார். ஓர் ஆண்டு மட்டும் தங்கியிருந்தால் அந்தக் கையின் பின்கதை அவருக்குத் தெரிந்தே இருக்காது. இருபது ஆண்டு இருந்ததால் தெரிந்தது. 1966இல் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது, அந்த அறுவையைச் செய்ய வேலூரிலும் கரிகிரியிலும் நம் மருத்துவர்கள் தேர்ந்திருந்தார்கள்.

இந்த இருவரிடமும் பொதுவான மூன்று குணங்களைக் காண்கிறேன். மக்களின் மொழிக்குள் போனார்கள். விளைவைக் கண்ணால் காணும்வரை தங்கினார்கள். தங்கள் கையில் இருந்த வித்தையை அங்குள்ளவர் கைக்கு மாற்றினார்கள். அறக்கட்டளை நிறுவுகிறவர் முதலைப் போட்டு வைக்கிறார். தாம் இல்லாத காலத்திலும் அதன் வட்டியில் காரியம் நடக்கிறது. இவர்கள் தங்கள் வித்தையையே அப்படி முதலாகப் போட்டு வைத்தவர்கள்.

சோலாப்பூரிலிருந்து சீனாவுக்கு

வாங்கியவர்கள் மட்டும்தானா நாம்? இந்தியா கொடுத்தும் இருக்கிறது. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கித் தவித்த சீனாவுக்கு மருத்துவர்களை அனுப்பும்படி அந்நாட்டுத் தளபதி சூ தே, ஜவஹர்லால் நேருவைக் கேட்டுக்கொண்டார். சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்த ஆண்டு அது. நாமே அடிமை நாடு. ஆனாலும் நிதி திரட்டி ஐந்து மருத்துவர்களை அனுப்பினோம்: அடல், சோல்கர், பாசு, முகர்ஜி, கோட்னிஸ்.

துவாரகநாத் கோட்னிஸ் சோலாப்பூரில் 1910இல் பிறந்தவர். பம்பாயில் மருத்துவம் முடித்து மேற்படிப்புக்கு ஆயத்தமாக இருந்தார். சீனாவில் இருக்கும்போதே தகப்பனார் இறந்த செய்தி வந்தது. அவர் திரும்பவில்லை. மற்ற தோழர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, கோட்னிஸ் போர்முனையை அடுத்த மலைப்பகுதிகளில் அறுவை செய்துகொண்டு தங்கிவிட்டார். சீன மொழியைப் பேசவும் எழுதவும் கற்றார். மாணவர்களுக்குச் சீனத்திலேயே பாடம் நடத்தினார். அவர்களுக்காக அறுவை மருத்துவப் பாடநூல் எழுதினார். 1941இல் பெத்தூன் சர்வதேச அமைதி மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த மருத்துவமனை யார் பெயரைத் தாங்கியதோ அந்த நார்மன் பெத்தூனும் கனடாவில் பெயர்பெற்ற நெஞ்சக அறுவை மருத்துவராக இருந்து, அதை விட்டுச் சீனாவுக்கு வந்து 1939இல் அங்கேயே உயிர் நீத்தவர்.

கோட்னிஸ் தம்மோடு பணிபுரிந்த குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்தார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வலிப்பு நோயில் இறந்தார். வயது 32. இன்றும் சீனத்தின் ஷிஜியாசுவாங் நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. இரு நாடுகளின் எல்லையில் எத்தனையோ கசப்பு வந்த பின்னும் அந்தப் பெயரை அங்கே மதிப்போடு சொல்கிறார்கள். நான்காண்டுதானே இருந்தார் என்று கேட்கலாம். ஊருக்குத் திரும்பும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் வேலை செய்த நான்காண்டு அது.

மொட்டமலையும் ஒரு வழக்கறிஞரும்

இப்போது நம் வட்டாரத்துக்கு வருகிறேன். மம்சாபுரத்திலிருந்து எட்டும் தூரத்தில் மொட்டமலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, செவலூர் என்று வேறு இடங்களிலும் முகாம்கள் இருக்கின்றன. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வரத் தொடங்கியவர்கள், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும் 2006இலும் அலை அலையாக வந்தார்கள். முதல் அலையில் மட்டும், 1987க்குள், 1,30,000 பேருக்கு மேல். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் மண்டபத்தில் கட்டிய முகாமிலேயே பலர் முதலில் தங்க வைக்கப்பட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள்.

அந்த மக்களுக்கு நம் ஊர்தான் வெளிநாடு. அவர்களோடு சேர்ந்து வந்தவர்களில் ஒருவர் எஸ்.சி. சந்திரகாசன். தந்தை செல்வா என்று ஈழத்தமிழர் போற்றும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன். கொழும்பில் வழக்கறிஞராக இருந்தவர். இங்கே வந்தபின் அவர் அரசியல் மேடையோடு நிற்கவில்லை. வேறு நாட்டுக்குப் போய் வழக்கறிஞர் தொழிலைத் தொடரவுமில்லை. 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைச் சென்னையில் நிறுவி முகாம் மக்களுக்காக உழைக்கத் தொடங்கினார். 1985 ஆகஸ்டில் இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையே நடந்த திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த சமயம், இந்திய அரசு அவரை நாடுகடத்த ஆணையிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. தமிழ்நாடே கொந்தளித்தது. அவர் திரும்பி வந்தார். வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்தக் கழகத்தின் சிறப்பு அதன் ஆட்கள். முகாம் மக்களே அதன் ஊழியர்கள். ஆசிரியர், நலப்பணியாளர், கணக்காளர், ஆலோசகர் என்று முகாமுக்குள்ளிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்தார்கள். குழந்தைகளின் சத்துக் குறைவைப் போக்கச் சுருள்பாசி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறப்புச் சான்று இல்லாத குழந்தைகளுக்கு அதைப் பெற்றுத் தந்தார்கள். ஒரு வழக்கறிஞரின் படிப்பு இங்கேதான் முழுப் பயனுக்கு வந்தது. சான்று இல்லாத குழந்தை எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத குழந்தை ஆகிவிடும் என்பது சட்டம் தெரிந்தவருக்கு முதலில் புரியும்.

1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்கள் மீது சந்தேகத்தின் நிழல் விழுந்தது. உயர்கல்வியில் முகாம் பிள்ளைகளுக்கு இருந்த இடஒதுக்கீடு நின்றது. 1996இல்தான் திரும்பக் கிடைத்தது. பத்துக்குப் பத்து அடி அறைக்குள் படித்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை அந்த ஐந்து ஆண்டும் எப்படித் தவித்திருக்கும்! அந்தக் கடுங்காலத்திலும் கழகம் கலைந்துபோகவில்லை. பிற்பாடு ஆயிரக்கணக்கான முகாம் பிள்ளைகள் பட்டதாரி ஆனார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையை அடித்தபோது, முகாம் இளைஞர்கள் நாகப்பட்டினத்தில் போய் நம் மீனவ மக்களுக்குத் தொண்டு செய்தார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் அடைக்கலம் கொடுத்தவர்களுக்குத் தோள் கொடுத்தார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, 317 கோடி ரூபாயில் வீடுகள் உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. குடியுரிமை மட்டும் இன்னும் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. நாற்பதாண்டுக்குப் பின்னும் அங்கே வேலை மிச்சமிருக்கிறது.

இன்று போக நினைப்பவர்களுக்கு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்யும் பேண்டேஜ் துணி பல நாடுகளுக்குப் போகிறது. நம் நெசவாளர் கைபட்ட துணி எங்கெங்கோ யார் யார் காயத்தையோ கட்டுகிறது. அந்தக் காயத்துக்குக் கட்டுப்போடும் கையும் நம் பக்கத்துக் கையாக இருக்கலாகாதா என்று நான் ஆசைப்படுகிறேன்.

வழிகள் திறந்தே இருக்கின்றன. 1971இல் பாரிசில் பிறந்து, 1999இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 2010 முதல் 2013 வரை உலகத் தலைவராக இருந்தவர் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் உன்னி கருணாகரா. ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் திட்டமும் இருக்கிறது. மருத்துவர், செவிலியர் மட்டும் போதாது. குடிநீர்ப் பணி தெரிந்த பொறியாளர், மின்சாரம் தெரிந்தவர், கணக்கர், மருந்துக் கிடங்கை ஒழுங்காக வைத்திருப்பவர், வண்டி பழுது பார்ப்பவர் எல்லோரும் வேண்டும். மில்லில் எந்திரத்தைப் பராமரிக்கும் மெக்கானிக் ஒருவரின் திறமைக்கு அங்கே மருத்துவரின் திறமைக்கு இணையான தேவை இருக்கிறது. ஜெனரேட்டர் நின்றால் அறுவையும் நிற்கும்.

நல்ல மனசு மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். 2010இல் நிலநடுக்கத்தால் நொறுங்கிய ஹைட்டி நாட்டில், ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து வாந்திபேதி பரவியது. பத்தாயிரம் பேர் அளவுக்கு மாண்டார்கள். காக்கப் போன இடத்தில் அடிப்படைச் சுகாதாரத்தில் கவனம் தவறியதால் வந்த கொடுமை அது. 2016இல் ஐ.நா. மன்னிப்புக் கேட்டது. ஆகவே முதலில் உங்கள் தொழிலில் தேர்ச்சி பெறுங்கள். அரைகுறையாகக் கற்றவரைத் தாங்கும் வசதி துன்பப்படும் நாட்டுக்குக் கிடையாது.

அங்குள்ள ஊழியர்களை ஒருநாளும் தாழ்வாக எண்ணாதீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்தந்த நாட்டுக்காரர்கள்தாம். 2015 அக்டோபர் 3ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் அந்த அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் குண்டு பொழிந்து 42 பேர் மாண்டபோது, உயிரிழந்த 14 ஊழியர்களும் ஆப்கானியரே. வெளியிலிருந்து போகிறவருக்குத் திரும்ப ஓர் ஊர் உண்டு. அவர்களுக்கு அதுதான் ஊர். பெரிய துணிச்சல் அவர்களுடையது.

இங்கேயே ஏழைகள் இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஏழைகள் இல்லாமலா கிறீன் மானிப்பாய்க்கு வந்தார்? நம் ஊரில் குறை தீர்ந்த பிறகே நாம் வெளியே பார்க்க வேண்டுமென்றால், எந்த ஊரும் எந்த ஊருக்கும் என்றைக்கும் உதவ முடியாது. இங்கே செய்வதும் அறம். அங்கே செய்வதும் அறம். உங்கள் தேர்ச்சிக்கு எங்கே ஆளில்லையோ அங்கே போங்கள்.

பெற்றோர்களின் கவலையும் எனக்குத் தெரியும். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், வயதான காலத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதெல்லாம் உண்மையான பாரங்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போ என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை ஆண்டு, செலவுக்கு என்ன வழி, பெற்றோருக்கு யார் துணை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஊரும் ஒன்று செய்யலாம். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ சம்பாதிக்கப் போன பிள்ளையின் பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் அக்கம்பக்கம், உதவப் போன பிள்ளையின் பெற்றோரை இரண்டு மடங்கு கவனித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தவருக்கு இங்குள்ள ஆலைகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் வேலைக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். அந்த ஆண்டுகளை அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சூடானுக்கும் சாடுக்கும் போவதைப் பற்றி யோசிக்கும் முன், மொட்டமலை முகாமுக்குப் போங்கள். உரிய அனுமதி பெற்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் கணக்கோ ஆங்கிலமோ கணினியோ சொல்லிக்கொடுங்கள். ஒரு வருடம் விடாமல் செய்யுங்கள். அந்த ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் உங்களால் எங்கேயும் தங்க முடியும். உங்கள் வகுப்பில் படித்த முகாம் பிள்ளை அடுத்த வருடம் உங்கள் இடத்தில் நின்று பாடம் சொன்னால், இந்தப் பணியின் இலக்கணம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

அதன் பிறகு தாராளமாகப் புறப்படுங்கள். போன இடத்து மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். விளைவைக் காணும்வரை இருங்கள். உங்கள் வேலையை உங்களைவிட நன்றாகச் செய்யும் ஒருவரையாவது அங்கே உருவாக்கிவிட்டு ஊருக்கு வாருங்கள். அப்படி வருகிறவரை வரவேற்கும் கூட்டம் இதே மம்சாபுரத்தில் நடக்க வேண்டும்.